சுண்ணாம்பு தின்ற ரேகை

என் ஆச்சிக்கு வலது கைப் பெருவிரலில் ரேகை கிடையாது. 2012இல் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அடையாள அட்டைக்காக முகாம் போட்டபோதுதான் இது எங்களுக்கே தெரிந்தது. கண்ணாடித் தட்டின்மேல் விரலை வைக்கச் சொன்னார்கள். வைத்தாள். இயந்திரம் ஏற்கவில்லை. முந்தானையில் துடைத்துவிட்டு வைக்கச் சொன்னார்கள். எண்ணெய் தொட்டு வைக்கச் சொன்னார்கள். பத்து விரலில் ஏழு தேறவில்லை. வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். "கைநாட்டு வைக்கவும் வழியத்துப் போச்சே எனக்கு" என்று ஆச்சியே சிரித்தாள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களைக் 'கைநாட்டு' என்று ஏசுவது நம் வழக்கம். அந்த ஏச்சுக்குக்கூட உரிமை கொண்டாட முடியாத கை அது.

ரேகையைத் தின்றது சுண்ணாம்பு. உடன்குடிக்கும் சாத்தான்குளத்துக்கும் நடுவே, தேரியோரத்து ஊர் ஒன்றுக்கு 1952இல் பதினாறு வயதில் வாழ்க்கைப்பட்டு வந்தாள். அன்று தொடங்கி 2003வரை ஐம்பது பருவம் விடிலியில் நின்றாள். பருவம் என்றால் மாசி பங்குனியில் தொடங்கி ஆடி ஆவணியில் ஓய்வது. விடிலி என்றால் பனங்காட்டுக்குள் ஓலையால் கட்டிய காய்ச்சும் குடிசை. கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவுவதும் பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குவதும் அவள் வேலை. 2021இல் இறந்துபோனாள். அவளிடம் அந்த வேலையை நான் கற்றேன், பாதியளவு. பிறகு தமிழ் எம்.ஏ. படித்து, புத்தகங்களைப் பற்றி எழுதுகிற ஆளாகிப் போனேன். நன்றிக்கடன் என்று ஒன்று இந்தக் கட்டுரையில் இருக்கிறது, அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் நன்றியோடு நின்றுவிடத் தோதில்லாத ஒரு கேள்வியும் இருக்கிறது. எங்கள் சமூகத்தைப் பற்றி இருநூறு வருஷமாகப் பலரும் எழுதியிருக்கிறார்கள். பாதிரி எழுதினார், அரசு எழுதியது, தேசியவாதி எழுதினார், அமெரிக்க ஆய்வாளர் எழுதினார், சாதிச் சங்கம் எழுதியது. இந்த எழுத்துகள் அத்தனையிலும் பனையின் உச்சியில் ஓர் ஆண் தெரிகிறான். மரத்தடியில் யார் நின்றார்கள்?

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். வேலை தெரியாமல் வரலாறு பேசுவது நம்மிடையே பெருகிவிட்டது.

பனம்பாளையைக் கடிப்பால் நெருக்கி, நுனி சீவி, கலயத்தைக் கட்டிவிட்டால் சொட்டத் தொடங்கும். அப்படியே விட்டால் கொஞ்ச நேரத்தில் நுரைத்துக் கள்ளாகிவிடும். காற்றிலும் பாளையிலும் உள்ள நுண்ணுயிர்களுக்கு அந்த இனிப்பு போதும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் புளிக்காமல் பதநீராக நிற்கும். எங்கள் பேச்சில் பதனி. ஆக, கள்ளுக்கும் பதனிக்கும் இடையிலிருப்பது விரல்கனச் சுண்ணாம்பு. அதைத் தடவுவது பெரும்பாலும் பெண்ணின் விரல். கடற்கரைச் சிப்பியைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பு அது. எவ்வளவு தடவுவது என்பதுதான் வித்தை. குறைந்தால் பதனி புளிப்பேறும், பாகு கட்டாது. கூடினால் கருப்பட்டி கறுத்து, நாக்கைச் சுடும். மரத்துக்கு மரம் இது மாறும். பாளை ஆண்பாளையா பெண்பாளையா, கலயம் புதுசா பழசா, மேகமா வெயிலா என்பதைப் பொறுத்தும் மாறும். ஆச்சியிடம் ஒருநாள், "எவ்ளோ ஆச்சி தடவணும்?" என்று கேட்டேன். "கலயம் கேக்கும். அது கேக்குறதக் குடு" என்றாள். அன்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. எட்டு வயது.

விடியற்காலையில் பதனி இறங்கி வரும். பன்னாடையில் வடித்துத் தாச்சியில் ஊற்றி, காவோலையும் பனமட்டையும் உடைமுள்ளும் போட்டு எரிப்பார்கள். நுரை பொங்கி வழியப் பார்க்கும்போது, நசுக்கிய ஆமணக்கு முத்து ரெண்டைத் தூவினால் அடங்கிவிடும். பிறகு மூன்று நான்கு மணிநேரம் நெருப்போடு பேச்சுவார்த்தை. வெள்ளையாக இருந்தது மஞ்சளாகி, செம்பழுப்பாகி, கூப்பனி என்கிற பாகு நிலைக்கு வரும். அதற்குமேல் நெருப்பைக் குறைத்து, துடுப்பால் விடாமல் கிண்ட வேண்டும். சிரட்டைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார்ப்பது எல்லோரும் செய்கிற சோதனை. ஆச்சி அதை எனக்காகத்தான் செய்து காட்டினாள், அவளுக்கு அது தேவைப்படவில்லை. அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். தண்ணியாக இருக்கும்போது கொதி சளசளவென்று இரையும். இறுக இறுக ஒவ்வொரு குமிழியும் தனித்தனியே 'டொப் டொப்'பென்று உடையும். "கண்ணு பொகையில ஏமாந்து போவும் பிள்ள. காத வச்சுப் பாரு." அந்தச் சத்தத்தில் தாச்சியை இறக்கி, மணலில் வரிசையாக நட்டு வைத்த நனைந்த சிரட்டைகளில் ஊற்றுவாள். ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏறக்குறைய எட்டு லிட்டர் பதனி வேண்டும். கணக்குப் பார்த்தால் அவள் ஊற்றிய ஒவ்வொரு சிரட்டைக்குப் பின்னாலும் ஒரு குடம் ஆவியாகிப் போயிருக்கிறது.

இங்கே ஓர் இடைச்செருகல். நன்னூலில் மாணாக்கரைத் தரம் பிரிக்கும்போது கடைசி வகைக்கு உவமையாக நெய்யரியைச் சொல்கிறார் பவணந்தியார். அதற்குப் பன்னாடை என்று பொருள் சொல்லிக்கொடுத்தார்கள். நெய்யை ஒழுகவிட்டுக் கசடைப் பிடித்து வைத்துக்கொள்ளும் மக்கு மாணவன். எம்.ஏ. முதல் வருடத்தில் வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். விடுமுறைக்கு வந்து ஆச்சியிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. "செத்த ஈயும் பூச்சியும் தாச்சிக்குள்ள வுழாம அதுதான புடிக்கி. அது செய்யுத வேலைய அது செய்யுது. அதப்போய் ஏசுதான்னா அவன் காய்ச்சாதவன்" என்றாள். இலக்கண நூலுக்கு நான் கேட்ட உரைகளில் எனக்கு மறக்காத உரை இதுதான்.

சரி, எழுத்துக்கு வருவோம்.

1849இல் கால்டுவெல் எங்கள் முன்னோரை அன்றைய பெயரால் குறித்து ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். இடையன்குடியில் அவர் வந்து தங்கி எட்டு வருஷம் ஆகியிருந்த நேரம். பனைத்தொழிலையும் பேய்வழிபாட்டையும் மக்களின் அறிவையும் ஒழுக்கத்தையும் பற்றித் தீர்ப்புகள் நிறைந்த நூல். பின்னாளில் படித்து மேலேறிய தலைமுறை அதை எதிர்த்துப் பெரும் கிளர்ச்சி செய்தது. பாதிரிகளோடு முரண்பட்டு 1857இல் பிரகாசபுரத்தில் தனித் திருச்சபை கண்ட அருமைநாயகம் சட்டாம்பிள்ளை அந்த எதிர்ப்பின் முக்கியக் குரல். இந்தச் சண்டையை காலனியச் சொல்லாடலுக்கு எதிரான அடித்தளக் குரல் என்று வாசிக்கலாம், வாசிக்கவும் வேண்டும். ஆனால் சண்டை எதைப் பற்றியது? ஏறுகிறவன் இழிந்தவனா, இல்லை சத்திரிய குலமா என்பதைப் பற்றியது. மரமேறுதலை வைத்து மட்டம் தட்டினார் பாதிரி. எதிர்த்தவர்கள் மரத்தையே மறைத்துவிட்டுப் பாண்டியனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அரண்மனைக்குள் விடிலிக்கு ஏது இடம்? 1910இல் மகாஜன சங்கம் அமைந்தது, 1921 குடிமதிப்பில் பழைய பெயர் நீங்கி நாடார் என்ற பெயர் அரசு ஏட்டில் ஏறியது. இதெல்லாம் சாதாரண வெற்றிகள் அல்ல. தெருவில் நடக்கவும் கோயிலுக்குள் போகவும் அடிபட்ட மக்கள் தங்கள் பெயரைத் தாங்களே வைத்துக்கொண்ட காரியம் அது. ஆனால் அந்தப் பெயருக்குள் நுழைவதற்குத் தொழிலை வாசலில் கழற்றிவைக்க வேண்டியிருந்தது. மரத்தில் ஏறியவனாவது வசையாக நினைவில் நின்றான். காய்ச்சியவளுக்கு வசைகூட மிஞ்சவில்லை.

பெண் இந்த வரலாற்றில் வரவே இல்லையா என்றால், வருகிறாள். மூன்று இடங்களில் நன்றாகவே வருகிறாள். தென்திருவிதாங்கூரில் 1820களில் தொடங்கி 1859 ஜூலை 26 அரச அறிவிப்புவரை நீண்ட தோள்சீலைக் கலகத்தில் வருகிறாள். மேல்சீலை அணிந்த பெண்களைச் சந்தையில் வைத்துத் துணியைக் கிழித்தார்கள், வீடுகளைக் கொளுத்தினார்கள். அந்தப் போராட்டத்தைச் சிறுமைப்படுத்த எனக்கு மனமில்லை. ஆனால் அந்தக் கதையாடலை இன்றுவரை நாம் சொல்லும் விதத்தைக் கவனியுங்கள். பெண் அங்கே மார்பாக வருகிறாள், கையாக வருவதில்லை. சந்தையில் துணி கிழிபட்ட அந்தப் பெண் சந்தைக்கு எதற்காக வந்தாள், தலையில் எதைச் சுமந்து வந்தாள் என்று நாம் கேட்பதே இல்லை.

இரண்டாவது இடம் 1921 ஈரோட்டுக் கள்ளுக்கடை மறியல். நாகம்மையாரும் கண்ணம்மாளும் தலைமை தாங்கிய மறியல். பெண்கள் தெருவுக்கு வந்த நாள் என்று நாம் பெருமைப்படும் நாள், பெருமைப்படத்தான் வேண்டும். ஈ.வெ.ரா. தம் தோப்பில் தென்னைகளை வெட்டிச் சாய்த்ததும் அந்தக் காலத்தில்தான். அங்கே பெண் மதுவுக்கு எதிராக நிற்கிறாள். மரத்தடியில் சுண்ணாம்புச் சிரட்டையோடு உட்கார்ந்து, ஒவ்வொரு நாள் காலையும் மாலையும் கள்ளைக் கள்ளாகாமல் தடுத்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு அந்த மேடையில் பெயரில்லை. மதுவிலக்கை எங்கள் ஆச்சிகள் விரல் தேயத் தேய நடத்தினார்கள் என்று நான் எழுதினால் மிகை என்பார்கள். அதை மிகையாகவே விட்டுவைக்கிறேன்.

மூன்றாவது இடம்தான் எனக்கு மிகவும் சுவாரசியமானது. லேஸ். லண்டன் மிஷனைச் சேர்ந்த மால்ட் தம்பதியர் 1819இல் நாகர்கோவில் பக்கம் வந்தவர்கள். திருமதி மார்த்தா மால்ட் பள்ளிப் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவர் மகள் எலைசா 1844இல் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு வந்து, அங்கேயும் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தி அந்தப் பின்னலைக் கற்றுக்கொடுத்தார். விற்ற காசு பெண்களின் கைக்கும் பள்ளிக்கும் போனது. நல்ல காரியம். கேள்வி வேறு. பின்னல் ஊசி பிடித்த கையை மிஷன் எழுத்துகள் திறமை என்று பதிவு செய்கின்றன. அதே கை அதே நாளின் காலையில் துடுப்பு பிடித்திருக்கும். அதற்குத் திறமை என்று பெயர் கிடைக்கவில்லை, அது வெறும் வாழ்வு, வெறும் சாதி. கற்றுக்கொடுத்தவர் வெள்ளைக்காரியாக இருந்தால் கல்வி. ஆச்சியாக இருந்தால் பழக்கம். கால்டுவெல் முதல் 1969இல் நாடார்களைப் பற்றி நூல் எழுதிய ஹார்ட்கிரேவ்வரை, நான் வாசித்த அளவில், மரமேறும் முறை தளைநார், முருக்குத்தடி, அரிவாள்பெட்டி என்று கண்முன் விரிகிறது. காய்ச்சுவது வந்தால் ஒரு வாக்கியத்தில் வந்து போய்விடுகிறது.

காந்தியவாதிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1934இல் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் அமைந்தபின் காந்தியும் ஜே.சி. குமரப்பாவும் பனைவெல்லத்தை உயர்த்திப் பேசினார்கள். கரும்பு நல்ல நிலத்தையும் நீரையும் தின்கிறது, பனை ஒன்றும் கேட்காமல் தருகிறது என்பது அவர்கள் வாதம். இன்று சூழலியல் பேசுகிறவர்கள் சொல்வதை அவர்கள் அன்றே சொன்னார்கள். 1937இல் சேலத்தில் ராஜாஜி அரசு மதுவிலக்கைக் கொண்டுவந்தபோதும், 1948இல் மாகாணம் முழுக்க அது பரவியபோதும், கள் இறக்கியவர்களைப் பனைவெல்லத்துக்குத் திருப்பக் கூட்டுறவுச் சங்கங்கள் தொடங்கினார்கள். எங்கள் ஊருக்கும் ஒருமுறை காய்ச்சும் முறை சொல்லிக்கொடுக்க ஒருவர் வந்தாராம். வேட்டி கட்டிய, நல்ல மனுசர். ஆண்களைக் கூட்டி உட்காரவைத்து வகுப்பெடுத்தாராம். பெண்கள் ஓலைத்தட்டிக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறார்கள். "அவரு சொன்னதெல்லாம் சரிதான். அத அவுககிட்ட ஏன் சொன்னாருன்னுதான் எங்களுக்கு வெளங்கல" என்பாள் ஆச்சி.

இந்த இடத்தில் நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அரசு 1971இல் கள்ளுக்கடையைத் திறந்தது, 1974க்குள் மூடியது, 1981இல் மறுபடி திறந்தது, 1987 தொடக்கத்தில் நிறுத்தியது. இன்றும் தமிழ்நாட்டில் கள்ளுக்கு அனுமதி கிடையாது. சீமைச் சரக்குக்குத் தடையில்லை, அதை 2003இலிருந்து அரசே கடை வைத்து விற்கிறது. ஒவ்வொரு தடவை சட்டம் மாறியபோதும் பனங்காட்டுக்குள் காக்கிச்சட்டை வந்தது. வந்தவர்கள் கலயத்துக்குள் விரலை விட்டுப் பார்ப்பார்கள், சுண்ணாம்பு இருக்கிறதா என்று. விரலில் வெள்ளை ஒட்டினால் தாத்தா உழைப்பாளி. ஒட்டாவிட்டால் குற்றவாளி. சட்டத்துக்கும் குற்றத்துக்கும் இடையிலான எல்லைக்கோட்டை ஆச்சி தினம் இருவேளை தடவிக்கொண்டிருந்தாள். அதிகாரம் எப்படி அன்றாடத்தில் படிகிறது என்று ஃபூக்கோவை வைத்து நாம் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். எனக்கு அது சுண்ணாம்புச் சிரட்டையில் புரிந்தது.

ஆச்சியை நான் ஞானப்பாட்டியாக்கி வைக்கிறேனோ என்று எனக்கே சந்தேகம் வருகிறது. அதனால் இதையும் எழுதுகிறேன். அந்த வேலை கொடுமையானது. ஐம்பது பருவத்துப் புகையில் கண் பூத்துப்போய், ராத்திரி முழுக்க இருமுவாள். பாகு தெறித்த தழும்பு இரண்டு முன்கையிலும் இருந்தது. பருவம் தொடங்குமுன் வியாபாரியிடம் முன்பணம் வாங்கித்தான் மரத்தைப் பாட்டம் எடுக்க முடியும். முன்பணம் வாங்கினால் கருப்பட்டியை அவர் சொன்ன விலைக்கு அவரிடமே போட வேண்டும். பருவம் முடிந்து கணக்குப் பார்த்தால் கடன் பாக்கி நிற்கும். 1979இல் தாத்தா மரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்து படுத்தார். அதற்குப் பிறகு ஆச்சி அடுத்தவர் விடிலியில் கூலிக்குக் காய்ச்சினாள். 'பாரம்பரிய அறிவு' என்று இப்போது எல்லோரும் வாய் நிறையச் சொல்கிறார்கள். அந்த அறிவு கடனுக்குக் கட்டுப்பட்ட அறிவாகத்தான் எங்கள் வீட்டுக்குள் இருந்தது.

ஆனால் கடனைப் பற்றிப் பேசும்போது ஆச்சியின் எழுத்தைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது. ஆம், எழுத்து. விடிலியின் நடுக்காலில், கலயத்துக்குத் தடவி மிஞ்சிய சுண்ணாம்பால் அவள் புள்ளி வைப்பாள். ஒரு சிப்பம் கட்டினால் ஒரு புள்ளி. வியாபாரி எடுத்துப் போனால் புள்ளிக்குக் குறுக்கே ஒரு கோடு. பண்டிகைக்கு வாங்கிய கைமாற்றுக்கு வட்டம். தாத்தா படுத்த வருஷம் வியாபாரியின் பேரேட்டுக்கும் நடுக்காலுக்கும் ஒன்பது சிப்பம் வித்தியாசம் வந்தது. ஆச்சி அவரை விடிலிக்கே அழைத்துவந்து காலைக் காட்டியிருக்கிறாள். அவர் பார்த்துவிட்டு, "இது என்னது, பல்லி எச்சமா?" என்று கேட்டாராம். ஊர்க்கூட்டம் போட்டார்கள். பேரேடுதான் ஜெயித்தது. அவர் முகத்தை, அவர் போட்டிருந்த செருப்பைக்கூட ஆச்சி முப்பது வருஷம் கழித்தும் வருணிப்பாள். அந்த விடிலி ஒரு கோடையில் தீப்பிடித்து எரிந்து போனது, காலும் போனது. ஆவணக் காப்பகத்தில் அடித்தள மக்களின் குரலைத் தேடுகிறவர்கள் இடைவெளிகளை வாசிக்க வேண்டும் என்கிறார்கள். சரிதான். ஆனால் வியாபாரியின் பேரேடு அவர் பேரன் வீட்டுப் பரணில் இன்னும் இருக்கலாம். நாளைக்கு ஓர் ஆய்வாளர் அதை எடுத்து இந்த வட்டாரக் கருப்பட்டி வணிகத்தின் முதன்மை ஆதாரமாக வைத்து முனைவர் பட்டம் வாங்கலாம். அதில் அந்த ஒன்பது சிப்பம் இருக்காது.

என் அம்மா இந்த வேலையைக் கற்க மறுத்தாள். மறுத்தது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அவள் பத்தாம் வகுப்பு முடித்து ஆசிரியப் பயிற்சிக்குப் போனதற்கு ஆச்சியின் கூலிதான் காரணம். ஆச்சியே அவளை விடிலிப் பக்கம் அண்டவிடவில்லை. நான் பேத்தி. முழுப்பரீட்சை லீவும் பருவமும் சித்திரை வைகாசியில் சேர்ந்து வரும். விளையாட்டுப்போல உட்கார்ந்தேன். மகளுக்கு மறுத்ததைப் பேத்திக்கு ஏன் கொடுத்தாள்? எனக்கு அது பிழைப்பாகாது என்று தெரிந்தபிறகுதான் கொடுத்தாள் என்று இப்போது படுகிறது. பிழைப்பாக இருந்தவரை அது தண்டனை, பிழைப்பு இல்லையென்றானபின் சொத்து. முதல் வருஷம் என்னைத் தொடவே விடவில்லை, "பாரு" என்பாள். இரண்டாவது வருஷம் என் மணிக்கட்டைப் பிடித்துத் துடுப்பைச் சுற்றினாள். அவள் கை என் கைமேல் இருக்கும், தாச்சியின் அடி எங்கே பிடிக்கப் பார்க்கிறது என்பது துடுப்பு வழியாக அவள் கைக்கு வந்து என் கைக்கு இறங்கும். பதம் என்ற சொல்லுக்குச் சொல் என்றும் பக்குவம் என்றும் இரண்டு பொருள் உண்டு. முதல் பதத்தைக் கல்லூரியில் படித்தேன். இரண்டாவது மணிக்கட்டில் ஏறியது.

ஓலை முடையவும் கற்றுக்கொடுத்தாள். கொட்டான், சுளகு, கடகம், பதனி குடிக்கிற பட்டை. இதில் நான் மோசமில்லை. நம் இலக்கியம் முழுக்க ஓலையில் ஏறி வந்தது. உ.வே.சா. ஊர் ஊராக ஏடு தேடிய கதை நமக்கெல்லாம் மனப்பாடம். ஓலையைப் பக்குவப்படுத்துவதைப் பாடம் செய்வது என்பார்கள். அந்த ஓலைகளை மரத்திலிருந்து வெட்டியவன் யார், காயவைத்துப் பாடம் செய்த கை யாருடையது என்று எந்தப் பதிப்புரையிலும் நான் வாசித்ததில்லை.

2010க்குப் பிறகு காற்று திரும்பியது. சென்னையில் கருப்பட்டிக் காபிக் கடைகள் வந்தன. 2021இல் அரசு, ஆட்சியர் அனுமதியில்லாமல் பனையை வெட்டக் கூடாது என்றது. 1978இலிருந்தே அது மாநில மரம், ஆனாலும் செங்கல் சூளைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது. 2023இல் உடன்குடிப் பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. எல்லாம் நல்லதுதான். கூடவே சீனிக் கலப்படமும் பெருகியிருக்கிறது. கடையில் வாங்கிப் போன கருப்பட்டி ஒன்றை ஆச்சியிடம் கொடுத்தேன். உடைத்து, உடைந்த பக்கத்தை வெயிலுக்குக் காட்டினாள். மினுமினுத்தது. "சீனி" என்று சொல்லிவிட்டு மாட்டுக்கு வைக்கச் சொன்னாள். அட்டைப்பெட்டியில் கூன் விழுந்த ஒரு பாட்டி படம் போட்டிருந்தது. எழுபது வருஷம் கண்ணுக்குத் தெரியாமல் கிடந்தவள் விற்பனைச் சின்னமாகத்தான் முதன்முதலில் தெரிய வேண்டியிருக்கிறது.

அவளைப் பற்றி எழுதப் போகிறேன் என்று 2018இல் சொன்னேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. இதை எழுதுவது எனக்குச் சங்கடமாக இருக்கிறது, எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும். "வேணாம் பிள்ள. மாமன் பிள்ளைகளுக்குக் கல்யாணம் காச்சி நடக்கணும். பனையேறி வீடுன்னு ஊரெல்லாம் வாசிக்கணுமா?" என்றாள். மாமா சென்னையில் பலசரக்குக் கடை வைத்து நன்றாக இருக்கிறார். அவர் வீட்டு வரவேற்பறையில் பாண்டியர் பரம்பரை என்று ஒரு சாதி வரலாற்றுப் புத்தகம் கண்ணாடி அலமாரியில் உண்டு. ஆச்சி அந்த வீட்டுக்குப் போகும்போது கையை முந்தானைக்குள் வைத்துக்கொள்வாள். நான் அவளோடு வாதாடினேன். உழைப்பு, கௌரவம், வரலாறு என்று நான் மேடையில் பேசுவதையெல்லாம் பேசினேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஒனக்கு அது பெரும. எனக்கு அது பொகை" என்றாள். அந்த வாக்கியத்துக்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை. அவள் போன பிறகு, அவள் பெயரும் ஊர்ப் பெயரும் இல்லாமல் எழுதுகிறேன். அனுமதி மீறல்தான்.

போன பருவத்தில் எங்கள் பக்கத்து ஊரில் இன்னும் காய்ச்சுகிற ஒரு குடும்பத்திடம் கேட்டு, நான்கு கலயத்துக்கு நானே சுண்ணாம்பு தடவினேன். மறுநாள் அந்தப் பதனியை நானே தனியாகக் காய்ச்சினேன். ஆமணக்கு போட்டு நுரை அடக்கியது, நெருப்புத் தணித்தது எல்லாம் சரியாகத்தான் வந்தது. குமிழி டொப் டொப்பென்று உடைந்தது, இறக்கினேன். சிரட்டையில் ஊற்றி மத்தியானம்வரை காத்திருந்தும் கட்டவில்லை. அந்த வீட்டு அக்கா விரலால் தொட்டு நக்கிப் பார்த்தார். "சுண்ணாம்பு கொறைஞ்சு போச்சு தாயி. மேலயே புளிச்சிருச்சு. ஒரு கலயம் நல்லாத்தான் இருக்கு, மூணு போச்சு. யாருகிட்டப் படிச்ச?" என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "அவுகளுக்குச் சுண்ணாம்பு பெசகவே பெசகாதே" என்றார்.

கட்டாத பாகைத் தூக்குவாளியில் ஊற்றி பஸ்ஸில் கொண்டுவந்தேன். தோசைக்குத் தொட்டுத் தொட்டு வீட்டில் ஒரு மாதம் ஓடியது. விரல் நுனி நாலு நாள் எரிந்தது, பிறகு தோல் உரிந்து பழையபடி ரேகை வந்துவிட்டது.